யானை போட்ட மண்

இது நடந்தது. ஆரோக்கியசாமிக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு சூப்பர்வைசராவது ஆகியிருப்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் கை பம்பு செய்கிற கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்து, ஃபிட்டராகவே நின்றுபோன மனுஷன். பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால், "போய் வேலையைப் பாருடா" என்று எழுந்துவிடுவார். அவரே ஒரே ஒரு தடவை வாய் திறந்து சொன்னது இது. நேரமெல்லாம் அவர் சொன்ன நேரம். கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை.

அவர் மனைவி ஞானகுமாரி. அதே எஸ்டேட்டில் ஒரு ஃபவுண்டரியில் மணல் சலிக்கிற வேலை. தூசி நெஞ்சில் இறங்கி, ஒரு இருமல் நிரந்தரமாகக் குடிவந்துவிட்டது. சின்னதாக இரண்டு. கொஞ்சம் இடைவெளி. பிறகு நீளமாக ஒன்று. இருட்டில் கேட்டாலும் ஞானகுமாரி வருகிறாள் என்று கள்ளிக்குப்பத்தில் அவர்கள் தெருவே சொல்லும். பிள்ளை குட்டி கிடையாது. காலையில் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்கு அவள்தான் முன்னால் போவாள். ஆரோக்கியசாமி மீசையைச் சீவி முடித்து வருவதற்குள் பஸ் நிறைந்துவிடும். வலது பக்க ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து சீட்டில் சோற்றுப் பாத்திரம் வைத்த ஒயர் கூடை.

"கூடையை எட்த்துக்கோ யக்கா, குந்தணும்."

"ஆளு வருது."

"ஆளு வருதா, யானை வருதா? இம்மாம் நேரம் ஆவுது?"

கூடை நகராது. பதினேழு வருஷம் அந்த சீட்டில் வேறு எவனும் உட்கார்ந்ததில்லை.

தொண்ணூறாம் வருஷம் கம்பெனியைப் பூட்டினார்கள். எட்டு மாதம் அவள் சம்பாத்தியத்தில் சாப்பிட்டுக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். அப்போதுதான் மாதா கோயிலில் பூசை முடிந்து சாமியார் ஒரு கடிதத்தை வாசித்தார். ஆப்பிரிக்காவில், ஜாம்பியா நாட்டில், காட்டை ஒட்டின கிராமங்களில் மிஷன்காரர்கள் கை பம்பு போடுகிறார்கள். ரிப்பேர் தெரிந்த ஆள் வேண்டும். இரண்டு வருஷம். சோறும் படுக்கையும் உண்டு, சம்பளம் இல்லை. சேவை.

"இங்க குந்திகினு இன்னா பண்ணப்போறே? போய்ட்டு வா. தண்ணி குடுக்கறது புண்ணியம்" என்றாள்.

"ரெண்டு வருசம். கண்ணை மூடித் தொறந்தா வந்துடுவேன்."

"நான் கண்ணை மூடினா? ஒரு புடி மண்ணு போட வருவியா?"

"வாயைக் கழுவு."

"கேக்கறேன் இல்ல. வருவியா?"

"வருவேன்."

"அப்ப சரி. பக்கத்துல எடம் புடிச்சி வைக்கறேன்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது.

அங்கே போன முதல் வாரமே கழுதைப்புலி வாசலில் விட்ட செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இடது கால் செருப்பு மட்டும். இன்னொரு நாள் பம்படியில் குனிந்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தபோது, இருபது அடியில் நீர்யானை ஒன்று நின்று பார்த்துக்கொண்டிருந்தது. குரங்குகள் கிரீஸ் டப்பாவைத் திருடித் தின்று வாந்தி எடுத்தன. எல்லாவற்றையும் எழுதிப் போட்டார். கடிதம் போய்ச்சேர இருபத்து மூன்று நாள். 'செருப்பைத் தின்ற மிருகத்துக்கு என் சமையல் மேல் என்று நீயாவது எடுத்துச் சொல்' என்று பதில் வந்தது.

பகல் வேலையில் போய்விடும். பொழுது சாய்ந்தால் பேச ஆள் இல்லை. தமிழ் என்று ஒரு சொல் காதில் விழாது. கைக்கடிகாரத்தை அவர் அந்த நாட்டு நேரத்துக்குத் திருப்பி வைக்கவே இல்லை. அது கள்ளிக்குப்பத்து நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. மூன்றரை மணி நேரம் முன்னால். இப்போது அவள் பஸ் ஏறியிருப்பாள், இப்போது சோறு வடித்திருப்பாள் என்று முள்ளைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். அவருக்கு இருந்த துணை அந்த வாட்ச்தான்.

தொண்ணூற்றொன்று நவம்பர். புதன்கிழமை. மிஷனிலிருந்து இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் பம்பைக் கழற்றிப் போட்டிருந்தார். ஒருவன் சைக்கிளில் தந்தியைக் கொண்டுவந்தான். ஞானகுமாரியின் தம்பி ஜோசப்ராஜ் திங்கட்கிழமை கொடுத்த தந்தி. 'ஞானகுமாரி சீரியஸ். உடனே வா.'

மிஷன் லாரி மறுநாள் விடியற்காலை தலைநகரத்துக்குக் கிளம்பும். அதை விட்டால் ஒரு வாரம். அங்கே பகல் மணி மூன்று. அவர் வாட்சில் மாலை ஆறரை. தந்தி கொண்டுவந்தவனின் சைக்கிளை வாங்கிக்கொண்டு கிளம்பினார். கிராமத்துப் பம்புக்குப் பொறுப்பாளர் பண்டா சைக்கிளின் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சு மணிக்கு மேல் அந்த ரோடு நம்மோடது இல்லை, மிஸ்டர் சாமி. யானையோடது."

"என் பொண்டாட்டிய்யா" என்றார் ஆரோக்கியசாமி. தமிழில்தான் சொன்னார். பண்டாவுக்குப் புரிந்துவிட்டது. கையை எடுத்தார்.

"எதிரே வந்தால் ஓடாதே. கட்டையாகக் கிட" என்று மட்டும் சொன்னார்.

வாட்சில் ஒன்பது ஐம்பது. அங்கே அப்போதுதான் சூரியன் விழுந்துகொண்டிருந்தது. போன மழைக்கு யானை மிதித்த சேறு பள்ளம் பள்ளமாகக் காய்ந்து கல்லாகியிருந்தது. ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. ஃபோர்க் வளைந்தது. ஆரோக்கியசாமி தூக்கி எறியப்பட்டார். வலது முட்டி திரும்பிவிட்டது. எழுந்தார், விழுந்தார். மறுபடி எழுந்தார். கால் நிற்கவில்லை. தவழ்ந்து போய் ஒரு மரத்தடியில் மல்லாந்தார். ஆட்டுக் குளம்பு மாதிரி நடுவில் பிளந்த இலை. கசக்கினால் டர்பென்டைன் வாசனை அடிக்கும். அந்தப் பக்கம் முழுக்க அந்த மரம்தான்.

இருட்டியது. ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. லாரி போய்விடும்... லாரி போய்விடும்... அதுதான் மனசில் ஓடியது. சிங்கம், சிறுத்தை பயமெல்லாம் அப்போது இல்லையாம்.

பத்து நாற்பத்தைந்து. புளித்த சாணி நாற்றம்.

காலடிச் சத்தம் இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு, சத்தமே இல்லாமல் வந்திருக்கிறது. நட்சத்திரங்கள் ஒரு பக்கம் மறைந்தன. பிறகு இன்னொரு பக்கமும் மறைந்தன. ப்பட்... ப்பட்... காது அடிக்கிற சத்தம். ஐந்தா ஆறா தெரியவில்லை. சுற்றி நின்றன.

கட்டையாகக் கிடந்தார்.

ஈரமாக ஒன்று நெற்றியைத் தொட்டது. மூக்கில் வந்தது. வாயருகே நின்று மூச்சைத் தேடியது. ஆரோக்கியசாமி மூச்சை அடக்கிக்கொண்டார்.

ஃபூ... என்று ஒரு பெருமூச்சு. தும்பிக்கை விலகியது.

சடார். கிளை முறிந்தது. அதைக் கொண்டுவந்து அவர் கால்மேல் வைத்தது. எறியவில்லை. வைத்தது. இன்னொன்று வயிற்றின்மேல். பிறகு முகத்தின்மேல். இலைச் சந்தில் வாட்சின் ரேடியம் முள் மட்டும் தெரிந்தது.

பத்து ஐம்பது.

அப்போது மண் விழுந்தது.

நெஞ்சில்தான் விழுந்தது. கனம் தெரிந்தது. ஆனால் சத்தம்...

தொம்.

பலகையில் விழுகிற சத்தம். பெட்டிமேல் மண் போட்டவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஆரோக்கியசாமி அப்பாவுக்குப் போட்டவர், அம்மாவுக்குப் போட்டவர்.

தொம்... தொம்...

பிறகு யானைகள் அவர் வலது பக்கம் நகர்ந்தன. அங்கேயும் கிளை வைத்தன. அங்கேயும் மண் போட்டன.

எதுவுமே இல்லாத தரையில்.

எல்லாம் அடங்கியது. இலைக்குள் இருட்டு. அவர் மூச்சு மட்டும்.

அப்போது வலது பக்கம். காதுக்குப் பக்கத்தில். இலைக்கு அடியிலிருந்து.

இருமல்.

சின்னதாக இரண்டு.

இடைவெளி.

நீளமாக ஒன்று.

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. "ஞானம்..." என்றார். நாக்கு மட்டும்தான் அசைந்தது.

பக்கத்தில்தான்.

இருந்தாள்.

விடிந்தபோது பண்டா இரண்டு பேரோடு வந்து கிளைகளை விலக்கினார். உயிரோடு இருக்கிறார் என்று பார்த்ததும் அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யானை செத்தவர்களைத்தான் இப்படி மூடும். தூங்குகிறவனையும் சில சமயம் செத்தவன் என்று நினைத்து மூடிவிடும். அது சரி. கூட வந்தது யார்?"

"யாரும் இல்லை."

"வெறும் தரையை அது மூடாது, மிஸ்டர் சாமி."

கூட வந்த இரண்டு பேரும் தொட மறுத்துவிட்டார்கள். ஆரோக்கியசாமியே இழுத்து இழுத்து நகர்ந்து போய் விலக்கினார். உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு குள்ளமான பொம்பளை படுத்து எழுந்த நீளத்துக்குப் புல் நசுங்கியிருந்தது. கையை வைத்துப் பார்த்தார். நசநசவென்று ஈரம். அந்தப் பக்கம் மழை பெய்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

மிஷனுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். லாரி போய்விட்டது. மேஜைமேல் இரண்டாவது தந்தி கிடந்தது. 'செவ்வாய் இறந்தாள். புதன் அடக்கம்.'

கள்ளிக்குப்பத்துக்கு அவர் வந்து சேர்ந்தது பன்னிரண்டாம் நாள். வீட்டு ஆணியில் ஒயர் கூடை தொங்கிக்கொண்டிருந்தது. ஜோசப்ராஜ் தரையைப் பார்த்தபடி பேசினான்.

"புதன்கிழமை சாயங்காலமே எட்த்துடலாம்னுதான் மாமா. பேய் மழை. ஏரி ரொம்பி, கல்லறைத் தோட்டத்துல முட்டி வரைக்கும் தண்ணி. குழியில எறைக்க எறைக்க ஊறுது. ராத்திரி பத்தரைக்குத்தான் மழை விட்டுச்சி. பெட்ரோமாக்ஸ் வெச்சிகினு பொட்டியை எறக்கனோம். பத்து அம்பது. வாட்ச்ச பாத்தேன்."

ஆரோக்கியசாமி தன் வாட்சைப் பார்த்தார்.

"மொதல்ல புருசன் மண்ணுன்னு சாமியார் கூப்ட்டார். நீ இல்ல. உனக்குப் பதுலா நான் குனிஞ்சேன். கையில மண்ணு எட்க்கவே இல்ல மாமா... அதுக்குள்ள பொட்டி மேல தொம்முன்னு உய்ந்துச்சி. மூணு தபா. கரை சரிஞ்சிட்ச்சின்னு எல்லாரும் சொன்னாங்க. கரை அப்டியேதான் இருந்துச்சி."

மறுநாள் காலை பத்து மணிக்கு நொண்டிக்கொண்டே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். குழி வெட்டுகிற துலுக்கானம் பீடியை அணைத்துவிட்டு வந்தார். பட்டாபிராமிலிருந்து சைக்கிளில் வந்து போகிறவர். ஞானகுமாரியை உயிரோடு பார்த்ததே இல்லை.

"நீதான் அந்தம்மா ஊட்டுக்காரரா? ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத அண்ணாத்தே. அன்னிக்கி ராத்திரி உன் சம்சாரத்தோட இன்னொரு பொணமும் பொதைச்சாங்களா?"

"ஏன்?"

துலுக்கானம் கையைக் காட்டினார். சிலுவை நட்ட மேடு ஒன்று. அதற்கு இடது பக்கத்தில், ஒட்டினாற்போல் இன்னொரு மேடு. சிலுவை இல்லை. காய்ந்த கிளைகள் போட்டு மூடியிருந்தது. ஆரோக்கியசாமி ஒரு இலையை எடுத்தார். ஆட்டுக் குளம்பு மாதிரி நடுவில் பிளந்திருந்தது. கசக்கினார்.

டர்பென்டைன் வாசனை.

"நான் மூடனது ஒரு மேடு. காலீல வந்தா ரெண்டு. மண்ணைப் பாரு, செவப்பு. நம்ம ஊர்ல ஏது இந்த மண்ணு? தோண்டிப் பாத்தேன். உள்ள ஒண்ணுங் கெடையாது. ஆனா சுத்தி தண்ணி நிக்கிது, அந்த ஒரு எடம் மட்டும் பொடி மண்ணா காஞ்சி கீது."

"அப்புறம்?"

"போன வெள்ளிக்கெழம வேற பொணம் வந்துச்சி. சும்மா கெடக்கற மேடுதானே, இங்கியே வெட்டிடலாம்னு கடப்பாரையைத் தூக்கனேன்..." துலுக்கானம் மேட்டை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். "உன் சம்சாரம் கீற எடத்துலேர்ந்து சத்தம் வந்துச்சி. பட்டப்பகல் அண்ணாத்தே."

"என்ன சத்தம்?"

துலுக்கானம் தொண்டையைச் செருமினார். இருமிக் காட்டினார்.

சின்னதாக இரண்டு.

இடைவெளி.

நீளமாக ஒன்று.

காட்டில் கேட்ட இருமலைப் பற்றி ஆரோக்கியசாமி அதுவரை எவரிடமும் சொல்லவில்லை. பண்டாவிடம்கூட.

"கடப்பாரையைக் கீழ போட்டுட்டேன். வேற எடத்துலதான் வெட்னேன்."

ஃபிட்டர் பையில் எப்போதும் டேப் இருக்கும். ஆரோக்கியசாமி மேட்டின் தலைமாட்டில் டேப்பை வைத்துக் கால்மாடு வரைக்கும் இழுத்தார். ஐந்தடி எட்டு அங்குலம். கம்பெனி கார்டில் அவர் உயரத்துக்கு நேராகப் போட்டிருப்பதும் அதேதான்.

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். கிளைகளை முன்பு இருந்தபடியே எடுத்து வைத்தார்.

"இதுல யாரையும் போட்டுடாதே" என்றார்.

"ஏன் அண்ணாத்தே?"

"ஆளு வருது."