பீப்பாயில் விழுந்த பல்லி

தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு பீலி இருந்தது. மலையில் ஊறி வரும் தண்ணீரை ஒரு தகரத்தை மடித்து வைத்து விழச் செய்திருப்பார்கள், அதுதான் பீலி. இரவு பகல் பாராமல் விழுந்துகொண்டே இருக்கும். மூடுவதற்கு அதில் ஒன்றும் கிடையாது. இப்போது நம் வீட்டில் பைப் இருக்கிறது, திருகினால் நின்றுவிடுகிறது. எனக்கோ ஒன்பது வயதாகும்வரை தண்ணீர் நிற்கும் என்பதே தெரியாது, பிள்ளைகளே.

அந்த வயதில் காலையில் எழுந்ததும் எனக்கு ஒரு வேலை உண்டு. முதல் நாள் பிடித்துவைத்த குடத்துத் தண்ணீரை வாசலோர வடிகாலான கானில் கொட்டிவிட்டு, குடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, பீலியில் புதுத் தண்ணீர் பிடித்து வரவேண்டும். ராத்தங்கின தண்ணீரை அம்மா வாயில் வைக்கவே மாட்டார். எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அப்பாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா, தோட்டத்தை விட்டுப் போய்க் கற்பிட்டிப் பக்கம் மீன்பிடி வேலையில் சேர்ந்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார். சித்தி கடற்கரைப் பெண். ஒரு பள்ளி விடுமுறைக்கு எங்களை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். நோர்வூட்டில் ஏறி, பஸ் மாறிப் பஸ் மாறி, கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தால் பயணம் அங்கேயும் முடியவில்லை. சித்தப்பா இருந்தது கடலுக்குள், ஒரு தீவில். படகில் போகவேண்டும் என்றதும் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. செங்குத்தான மலையில் கொழுந்து மூட்டையோடு ஓடுகிற மனிதர், படகில் துண்டால் தலையை மூடிக்கொண்டு குனிந்தவர் தீவு வரும்வரை நிமிரவில்லை. இறங்கியதும், "வீட்டுக்குத் திரும்புற அன்னைக்குத்தான் இனி இதுல கால வைப்பேன். அதுக்கு முன்னால யாரும் என்னைக் கூப்பிடாதீங்க" என்றார்.

தீவு என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துவிடாதீர்கள். நீளமாகக் கிடந்த ஒரு மணல் திட்டு. அதில் தென்னங்கிடுகால் கட்டிய ஐந்து குடிசைகள். வாடி என்பார்கள். கதவுக்குப் பதிலாக ஒரு சாக்கு. தரையும் மணல், படுக்கையும் மணல். கடல் இரைவது எங்கள் தேயிலை பெக்டரி ஓடுகிற மாதிரியே கேட்டது. எப்போது நிறுத்துவார்கள் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சித்தியின் வாடிக்கு முன்னால் ஒரு நீலப் பீப்பாய் நின்றது. ஐந்து வாடிக்கும் குடிக்கிற தண்ணீர் அதில்தான். காலையிலும் மாலையிலும் சித்தி மூடியைத் திறந்து, வரிசையாக வருகிறவர்களுக்கு அளந்து ஊற்றுவார். ஒரு சொட்டு சிந்தினாலும் முகம் சுளிப்பார். சித்தி நல்லவர்தான், ஆனால் கொஞ்சம் கருமி என்று நான் மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

போய்ச் சேர்ந்த அன்று மாலை சும்மா கேட்டேன். "சித்தி, இது எப்ப பிடிச்ச தண்ணி?"

"முந்தாநாள், மகன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தாநாள் தண்ணீர்! ஒரு ராத்தங்கினதையே தொடாத அம்மா, அதில் போட்ட தேத்தண்ணியை இரண்டு கோப்பை குடித்திருந்தார். அம்மாவிடம் சொல்லிச் சங்கடப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. "அங்க போய் சும்மா விளையாடிக்கிட்டு இருக்காத. சித்திக்கு ஒத்தாசையா இரு" என்று அம்மா பஸ்ஸில் வைத்தே சொல்லியிருந்தார். ஒத்தாசைக்கு நல்ல வழி கிடைத்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும், வயதான ஒருவரைத் தவிர ஆண்கள் எல்லாரும் படகுகளில் தொழிலுக்குப் போய்விட்டார்கள். விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று சித்தப்பா மட்டும் நின்றுவிட்டார். அவரும் அப்பாவும் கரையில் நடந்துகொண்டிருந்தார்கள். சித்தியும் அம்மாவும் பின்பக்கம் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பீப்பாயின் மூடியைக் கழற்றினேன். பாதிக்கும் குறைவாகத்தான் தண்ணீர் இருந்தது. அதுவும் என் பலத்துக்கு அசையவில்லை. வாளியால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினேன். கை வலித்தது. பீப்பாய் இலேசானதும் தோளைக் கொடுத்துத் தள்ளிக் கவிழ்த்தேன்.

அப்போது ஒரு அதிசயம் பார்த்தேன். எங்கள் ஊரில் கொட்டிய தண்ணீர் கானில் விழுந்து சலசலவென்று ஓடும். இங்கே அது ஓரடிகூட ஓடவில்லை. இவ்வளவு தண்ணீரும் நின்ற இடத்திலேயே மணலுக்குள் போய்விட்டது. சற்று நேரத்தில் ஈரம்கூடத் தெரியவில்லை.

தென்னந்தும்பு நாரால் மணல் வைத்து, தலையை உள்ளே விட்டு, பீப்பாயைப் பளிச்சென்று தேய்த்தேன். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு பீலியைத் தேடிக் கிளம்பினேன். வாடிகளைத் தாண்டி நடந்தால் உடனேயே மறுகரை வந்துவிட்டது. அங்கேயும் கடல். திரும்பி நீளவாக்கில் நடந்தேன். தீவு மெலிந்து மெலிந்து முடிந்தது. அங்கேயும் கடல். வெறும் வாளியோடு சித்தியிடம் வந்து கேட்டேன்.

"சித்தி, பீலி எங்க இருக்கு?"

"என்ன பீலி மகன்?"

"தண்ணி பிடிக்கத்தான். பீப்பாயக் கழுவி வெச்சிருக்கேன்."

சித்தியின் கையிலிருந்த கருவாட்டுக் கூடை அப்படியே விழுந்தது. அவர் ஓடினார். அம்மாவும் பின்னால் ஓடினார். கவிழ்ந்து கிடந்த பீப்பாய்க்குள் சித்தி கையை விட்டுத் தடவிப் பார்த்தார். அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்து வாடிப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, பார்த்து, அவர்களும் அப்படியே நின்றுவிட்டார்கள். இடுப்பில் இருந்த குழந்தைகள்கூட அழவில்லை என்றுதான் எனக்கு ஞாபகம். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

மெதுவாகத்தான் எனக்கு விளங்கியது. அந்தத் தீவில் பீலி இல்லை. கிணறு இல்லை. தண்ணீர் கற்பிட்டியிலிருந்து படகில் வரவேண்டும். அது வர இன்னும் இரண்டு நாள் இருந்தது.

வாடிகளுக்கு அப்பால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சம்மாட்டி எழுந்து வந்தார். படகுகளுக்கும் வாடிகளுக்கும் சொந்தக்காரர் அவர். வெள்ளை மீசை, பெரிய குரல்.

"ஆர் இதைக் கவிட்டது?"

பள்ளியில் ஆசிரியர் கேட்டால் கையைத் தூக்குவோமே, அப்படித் தூக்கப் போனேன். பாதிக் கை எழுந்தது. அதற்குள் சித்தி எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் சம்மாட்டி. பல்லி விழுந்து செத்துக் கிடந்தது. பிள்ளைகள் குடிக்கிற தண்ணியெண்டு ஊத்திட்டன்."

"மூடி போடத் தெரியாதா உனக்கு? இத்தினை குஞ்சு குருமான் இருக்குது. காலமைக்குத் தொழிலுக்குப் போனவங்க வந்து என்னத்தைக் குடிப்பாங்க, உன் கண்ணீரையா? இன்னொரு தரம் இப்பிடி நடந்தா நீயும் உன் புருசனும் வேற வாடி பார்த்துக்கொள்ளுங்க!"

சித்தி தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது போல இருந்தது. பல்லியா! நான் ஊற்றும்போது பார்க்கவில்லையே, அடியில் கிடந்திருக்கும். நல்லவேளை ஊற்றினேன். இல்லாவிட்டால் எல்லோரும் அதைக் குடித்திருப்பார்கள்.

சத்தம் கேட்டுச் சித்தப்பாவோடு ஓடி வந்த அப்பாவின் காதில் அம்மா ஏதோ சொன்னார். கற்பிட்டிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வரக் கரையில் ஒரே ஒரு சின்னப் படகு மிஞ்சியிருந்தது. காற்று பலத்துவிட்டது. ஒருவர் எஞ்சினைப் பிடிக்க, இன்னொருவர் உள்ளே அடிக்கிற தண்ணீரை இறைத்துக்கொண்டே வரவேண்டும். சம்மாட்டிக்கு வயதாகிவிட்டது. சித்தப்பா அண்ணனைக் கூப்பிடவில்லை, வெறுமனே பார்த்தார். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். போய் ஏறிக்கொண்டார்.

"உங்களுக்கு நீச்சல் தெரியாதே!" என்றார் அம்மா.

"எறைக்கத் தெரியும்" என்றார் அப்பா.

படகு ஒரு அலையில் ஏறும்போது தெரிந்தது, இறங்கும்போது மறைந்தது. பிறகு தெரியவே இல்லை. அம்மா மணலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறியது. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. இவ்வளவு தண்ணீருக்கு நடுவில் தாகம் எடுக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சித்தி வாடிக்குள் கூப்பிட்டு, காலையில் கேத்தலில் மிஞ்சிய தண்ணீரைத் தன் கைக்குழந்தைக்குக் கொஞ்சம் புகட்டிவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினார்.

"நீங்க?" என்றேன்.

"நான் குடிச்சிட்டன் மகன்."

அவருடைய உதடு உப்புப் பூத்து வெடித்திருந்தது. நான் குடித்துவிட்டேன், முழுவதையும்.

மத்தியானம் தொழில் படகுகள் திரும்பின. மீன் நிறைய இருந்தது. ஆனால் எல்லோரும் முதலில் பீப்பாயைத்தான் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் என் கன்னத்தைக் கிள்ளி, "மலையில இருந்து வந்தனீங்க, ஒரு மழையையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே தம்பி" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் சித்தியைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. பாவம் சித்தி, மூடியை மறந்துவிட்டார் என்று நானும் வருத்தப்பட்டேன்.

வெயில் சாயும்போது சின்னப் படகு வந்தது. தண்ணீர்க் கேன்கள் நிறைந்து, விளிம்பு கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்பா தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். ஒரு கேனைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். கேனை பீப்பாயருகே வைத்துவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்தார். அம்மாவைப் பார்த்து, "பீலித் தண்ணி தூக்குற மாதிரி இல்ல புள்ள இது" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முதல் செம்பை வாங்கிக் குடித்தது சித்தி. இரண்டு கையாலும் செம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் குடித்தார். குடித்துவிட்டேன் என்றாரே, மறுபடியும் எதற்கு இத்தனை அவசரம் என்று எனக்குத் தோன்றியது.

அதன்பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஊர் திரும்பக் கிளம்பினோம். வாடிக்காரர்கள் எல்லோரும் கரைக்கு வந்திருந்தார்கள். சம்மாட்டியும் நின்றார். படகில் ஏறி உட்கார்ந்ததும், சித்திக்கு ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன்.

"சித்தி, இனிமே பீப்பாய மறக்காம மூடி வைங்க! பல்லி விழுந்திரும்!"

சித்தி ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சரி மகன். மறக்காமல் மூடி வைக்கிறன்."

அம்மா என் தொடையைப் பிடித்துக் கிள்ளினார். தோல் கன்றிப்போகிற அளவுக்குக் கிள்ளினார். நல்ல புத்திதானே சொன்னேன், இதற்குப் போய் ஏன் கிள்ளுகிறார் என்று அழுதுகொண்டே, கற்பிட்டிக் கரை வரும்வரை அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தீவையே பார்த்துக்கொண்டு வந்தார்.