சிரிப்புக்குத் தப்பிய அறிக்கை

அந்தச் சோப்புத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் செய்தியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அறைக் கதவில் 'மக்கள் தொடர்பு அலுவலர்' என்று பித்தளைப் பலகை உண்டு. அதை ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை. வாசலில் தொலைபேசி எடுக்கும் வேலைக்கு வந்தவள் அவள். சண்டைக்குக் கூப்பிட்டவர்கள் கூட அவளிடம் பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனை வைத்தார்கள். அதைப் பார்த்த பெரிய முதலாளி அவளை மாடிக்கு ஏற்றினார்.

மாடிக்குப் போனாலும் அவளுடைய உரைகல் கீழேதான் இருந்தது. பத்திரிகைக்கு அனுப்பும் எந்த அறிக்கையையும், சோப்புக்கு உறை போடும் கூடத்தில், டீ நேரத்தில், முதலில் உரக்கப் படிப்பாள். எந்த வரிக்குச் சிரிப்பு எழுகிறதோ அந்த வரிக்கு அடி. "கூடத்துல சிரிச்சா ஊர்ல நாறும்" என்பது அவள் கணக்கு. 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்' என்ற வரி தலைகாட்டியபோதெல்லாம் அடிபட்டது. "குடும்பம்னா சொத்துல பங்கு உண்டாக்கா?" என்று முதல் தடவை கேட்டவள், கூடத்தில் எல்லோரும் வெடி என்று கூப்பிடும் பெண்.

வெடி உறை போடுகிறவள். மனசில் இருப்பது வாய்க்கு வர வழியில் எங்கும் நிற்காது. புதிய சோப்பைப் பற்றி எழுத வந்த நிருபர், "வேலை எப்படிம்மா இருக்கு?" என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தார். "வேகுது. அந்தப் பக்கம் கொப்பரையில சோப்பு வேகுது, இந்தப் பக்கம் நாங்க வேகறோம்" என்றாள் வெடி. மறுநாள் அது அச்சில் வந்தது. இப்போதைய முதலாளி, பெரியவரின் மகன், அவளை வேலைக்கு வராதே என்று வாசலோடு நிறுத்திவிட்டார்.

அவள் சொன்னதில் பொய் ஏது? பெரிய முதலாளி காலத்தில் கூடத்தின் ஒரு சுவர் முழுக்க ஜன்னல். மகன் பொறுப்புக்கு வந்ததும் யாரோ ஒரு ஜோசியர், அந்தத் திசையில் திறப்பு இருந்தால் லாபம் வெளியே ஓடிவிடும் என்று சொல்லிவிட்டார். உடனே ஜன்னல்களுக்குப் பலகை அறைந்தாயிற்று. கடல் கடந்து போய்ப் படித்தவர் முதலாளி. பட்டம் சுவரில் ஏறியது, பயம் மனசைவிட்டு இறங்கவில்லை. ஒருவர் பயத்துக்கு நூறு பேர் புழுங்க வேண்டும்; அதற்குப் பெயர் நிர்வாகம்!

முதலாளி செய்தியக்காவைக் கூப்பிட்டார். "கூடத்துல இதமான காத்தோட்டம் இருக்கு, அந்தப் பொண்ணு வேணும்னே பொய் சொல்லிட்டான்னு மறுப்பு எழுதுங்க. அது வெளிவந்ததும் அவளுக்குக் கணக்கு முடிச்சிடலாம்."

அன்று சாயங்காலம் செய்தியக்காவின் வீட்டுக்காரர் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். "எழுதலைன்னா?"

"என் சீட்டு கிழியும்."

"எழுதினா?"

"வெடி சீட்டு கிழியும்."

"கிழிசல்னா எங்கிட்ட கொண்டு வா, பாத்துக்கலாம்" என்றார் அவர். "ஆனா அவ மூஞ்சில முழிக்க முடியாம நீ சுத்தினா, அதைத் தைக்க எங்கிட்ட நூல் இல்ல."

மறுநாள் செய்தியக்கா, முதலாளி சொன்னதைச் சொன்னபடியே எழுதி எடுத்துப்போனாள். "சார், இதைக் கூடத்துல நீங்களே படிச்சா நல்லாருக்கும். முதலாளி வாயால கேட்டாத்தானே அவங்களுக்கும் நம்பிக்கை வரும்?"

முதலாளிக்கு மேடை என்றால் வெல்லம். கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

கூடத்துக்குள் காலை வைத்ததுமே மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, "நமது கூடத்தில்..." என்றார். மறுபடி மங்கியது. மறுபடி துடைத்தார். "இதமான..." என்று வந்தபோது நெற்றி வியர்வை தாளில் சொட்டி, அடுத்த சொல்லைக் கரைத்துக்கொண்டு போனது. ஒருவரும் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

கொப்பரைக்காரர் அடக்கமாகக் கேட்டார். "சார், பலகையைக் கழட்டட்டுங்களா? நீங்க படிச்சு முடிக்கற வரைக்கும் மட்டும்."

அவ்வளவுதான், கூடம் குலுங்கிவிட்டது. கோட்டைக் கழற்றி எறிந்த முதலாளி, "கழட்டுய்யா, சீக்கிரம்!" என்றார்.

பலகை விழுந்தது. குபுகுபுவென்று காற்று வந்தது. வெளியே தெருப்பக்கச் சுவரோரம், தன் வேலை என்னாயிற்று என்று தெரிந்துகொள்ள வந்திருந்த வெடி நின்றிருந்தாள். ஜன்னல் வழியே தலையை நீட்டி, "என்ன சார், வேகுதா?" என்று கேட்டாள்.

முதலாளி முகம் சிவந்து, சுருங்கி, கடைசியில் வேறு வழியில்லாமல் சிரித்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்திச் செய்தியக்காவிடம் கேட்டார். "லாபம் வெளிய போயிடுமேம்மா?"

"லாபத்துக்கு ஜன்னல் எதுக்கு சார்? அது கேட் வழியா லாரியிலதான் போகும் வரும். அவளையும் கேட் வழியாவே உள்ள கூப்பிடுங்க."

கூப்பிட்டார்.

மறுநாள் டீ நேரத்தில் செய்தியக்கா புது அறிக்கையைப் படித்தாள்: 'எங்கள் பணியாளர் சொன்னது உண்மை. ஜன்னல்களைத் திறந்துவிட்டோம். இனி கூடத்துக் குறையை முதலில் கூடத்திலேயே கேட்போம்.' சிரிப்பே வரவில்லை. பழக்க தோஷம், அவளுக்கே சற்று சந்தேகமாக இருந்தது. வெடியைப் பார்த்தாள்.

வெடி சோப்புக்கு உறையை மடித்தபடியே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அனுப்புக்கா."