கலெப் கழகத்தின் ஐந்தாவது ஆள்

என் தம்பி செபமாலைக்கு ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாகக் கட்டைக் காற்சட்டை போட்டுப் பந்து விளையாட வேண்டி வந்தது. அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் மொன்றியலின் இந்த லாசால் பகுதியில் நிறையப் பேர். சிரித்தவர்களுக்கு முழுக்கதை தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி சாருஜா எழுதுகிறாள். என் தம்பியைப் பெரிய ஆளாக்கி எழுத வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவன் இருந்தபடி இருந்தாலே போதும்.

அவன் விளையாட்டுக்காரன் இல்லை. இங்கே வந்த நாளிலிருந்து பிளாஸ்ரிக் போத்தல் செய்யும் தொழிற்சாலையில் நின்றவன். அதை இழுத்துப் பூட்டியபோது அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் கட்டவில்லை. நான் இருக்கும் கட்டிடத்திலேயே, எனக்கு மேல்மாடியில் இருந்தான். மூன்று மாதம் சும்மா இருந்து, நான் சமைத்ததற்கெல்லாம் நொட்டை சொன்னான். பிறகு ஒரு மண்டபத்தில் தரை துடைக்கும் வேலை கிடைத்தது. அது குரோஷியர்களின் மண்டபம். அவர்களுடையதும் கடலோரத்து நாடு. அங்கேயும் சண்டை நடந்தது, அங்கேயிருந்தும் சனம் ஓடி வந்தது. ஓடி வந்தவர்கள் மொன்றியலில் ஒரு கூடைப்பந்துக் கழகம் வைத்திருந்தார்கள். கழகத்தின் பெயர் கலெப். அவர்கள் பாஷையில் அது ஒரு கடற்பறவையின் பெயர்.

கழகத் தலைவர் ஸ்லாவ்கோ. சீமெந்து வேலைக்காரர், கை இரண்டும் மண்வெட்டி மாதிரி இருக்கும். அவரும் தம்பியும் கதைப்பது பாதிப் பிரெஞ்சு, பாதிக் கை. கழகத்துக்காரர் கதைத்ததையெல்லாம், தம்பி எனக்குச் சொன்ன பாஷையில்தான் நான் இங்கே சொல்கிறேன்.

வேலைக்குப் போய் இரண்டாம் கிழமை, உடுப்புத் தோய்க்கிற மனுசி வரவில்லை. மறுநாள் ஆட்டம். பன்னிரண்டு ஜேர்சிகளையும் தோய்க்கும்படி தம்பியிடம் கொடுத்தார்கள். எல்லாம் வெள்ளை, தோளில் மட்டும் சிவப்புக் கட்டம், முதுகில் நாலிலிருந்து பதினைந்து வரை இலக்கம். வெள்ளை என்றால் கடைசித் தண்ணீரில் நீலம் போட வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அது யோசித்துச் செய்கிற வேலையே இல்லை, கை தானாகச் செய்யும். தமிழ்க்கடையில் நீலம் வாங்கிக்கொண்டு போனான். ஆனால் இந்த ஊர்க் குளிர்த் தண்ணீரில் அது சரியாகக் கரையவில்லை. காயவைத்து எடுத்தால் பன்னிரண்டிலும் திட்டுத் திட்டாக நீலம்.

ஸ்லாவ்கோ தலையில் கை வைத்தார்.

"என்னடாப்பா செய்தனி? வானத்தைக் கிழிச்சு ஒட்டுப் போட்ட மாதிரிக் கிடக்கு!"

"வெள்ளைக்கு நீலம் போட்டனான்."

"அது வெள்ளையாத்தானே இருந்தது!"

"உங்கட கண்ணுக்கு வெள்ளை. என்ர கண்ணுக்குப் பழுப்பு."

வேறு ஜேர்சி இல்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் விளையாடினார்கள். மூன்று வருடம் தங்களைத் தோற்கடித்த அணியை இருபது புள்ளியால் வென்றார்கள். அடுத்த கிழமை டாமிர் என்ற உயர்ந்த பெடியன், அப்போதுதான் கழகத்துக்கு வந்தவன், தன் ஜேர்சியைத் தம்பியிடம் நீட்டி, "அந்த நீலத்தைப் போடுவியோ, மாலை?" என்று கேட்டான். அவர்களுக்குச் செபமாலை என்ற பெயர் நீளம், வாலை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து தோய்க்கிற வேலை தம்பிக்கு. நீலத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து வடித்து ஊற்றப் பழகினான். புது ஜேர்சி எடுத்த பிறகு, அந்தத் திட்டு விழுந்த பன்னிரண்டையும் எறியச் சொன்னார்கள். எறியாமல் தன் சூட்கேசுக்குள் வைத்துக்கொண்டான்.

நீலம் போட்டதை மெசினில் உலர்த்தினால் பழுப்பேறிவிடும் என்பது அவன் பிடிவாதம். அதனால் என் பல்கனியில் கொடி கட்டிக் காயவிடுவான். என் பக்கத்துக்குத்தான் வெயில். பனிக்காலத்தில் அவை பலகை மாதிரி விறைத்துத் தொங்கும். பல்கனியில் உடுப்புத் தொங்கக் கூடாது என்று கட்டிட ஆபீசிலிருந்து கடிதம் வரும். எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடியை அவிழ்த்திருக்க மாட்டேன்.

எங்கள் சனம் சும்மா இருக்குமா? மூன்றாம் மாடி நகுலேஸ்வரன் லிப்டுக்குள் நாலு பேருக்குக் கேட்கக் கேட்பான்.

"என்ன செபமாலை, இண்டைக்கு எத்தினை வெள்ளையன்ர வேர்வை தோய்ச்சனி?"

"பன்ரெண்டு பேற்றை. உன்ரையையும் கழட்டித் தா, பதின்மூண்டாக்கிறன்."

கனடாவுக்கு வந்தும் பிறத்தியான் உடுப்புத் தோய்ப்பதா என்று எனக்கே ஒரு நாள் வந்துவிட்டது, கேட்டுவிட்டேன். "அக்கா, போத்தல் செய்யேக்கை ஒருத்தரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை" என்றான். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

கழகம் ஏறியது. சம்பளத்துக்கு விளையாடும் பெரிய போட்டிக்குள் போனார்கள். ஸ்லாவ்கோ அவர்களுடைய நாட்டிலிருந்தே மூன்று பேரை இறக்கினார். மண்டபத்துக்குப் புதுத்தரை போட்டார்கள், அதில் ஒருவரும் செருப்போடு ஏற முடியாது. தம்பி வாசலில் நிற்பான், பாதிரியாரைக்கூட விடவில்லை. ஏழாம் வருடம் சம்பியன் ஆனார்கள். எண்ணூறு பேர் இருக்கிற இடத்தில் ஆயிரம் பேர். நானும் போயிருந்தேன். முடிந்ததும் ஸ்லாவ்கோ தம்பியின் கையைப் பிடித்து நடுத்தரைக்கு இழுத்துப்போய் கிண்ணத்தைத் தூக்கக் கொடுத்தார். தம்பி வாங்குவதற்கு முன் சப்பாத்தைக் கழற்றினான்.

இறங்கினதை அதிகம் சொல்ல மாட்டேன். ஸ்லாவ்கோ படுக்கையில் விழுந்து, பிறகு செத்துப்போனார். கொரோனா வந்து இரண்டு வருடம் மண்டபம் பூட்டிக் கிடந்தது. கழகத்தை வாங்கிய புது முதலாளி கோட்டு சூட்டோடு வந்தார், ஜேர்சியைக் கறுப்பாக்கினார். கறுப்புக்கு என்ன நீலம்? சனம் வருவது குறைந்தது, பிறகு சம்பளம் நின்றது. விளையாட்டுக்காரர் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஓர் அணிக்குப் பத்துப் பெயராவது பதிய வேண்டும் என்று போட்டிச் சட்டம். ஒன்பதுதான் இருந்தது. முதலாளி பத்தாவது பெயராகத் தம்பியுடையதை எழுதிக் கொடுத்தார். வெறும் பேருக்குத்தான்.

போன பங்குனியில், கடைசி ஆட்டத்துக்கு ஒரு கிழமை இருக்க, முதலாளி எல்லாருக்கும் போனில் செய்தி போட்டார். கழகம் மூடியாயிற்றாம், ஒருவரும் வர வேண்டாமாம். கறுப்பு ஜேர்சிகளும் அவருடைய வான் வண்டியில் ஏறிப் போய்விட்டன. அன்று டாமிர் என் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் கப்டன், முன்மயிர் கொட்டிவிட்டது. கடைசி ஆட்டத்துக்குப் போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அவன்தான் எங்களுக்குச் சொன்னான். இடையில் விலகிய அணி என்று எழுதுவார்கள், அந்த வருடம் விளையாடியது அத்தனையும் அழிந்துபோகும். ஆறு ஆட்டம் வென்றிருந்தார்கள். அதுவும் அழியும்.

"அழியட்டும் மாலை. மற்ற அஞ்சு பேரும் போயிட்டாங்கள், நாங்கள் நாலு பேர்தான் மிச்சம். அஞ்சு பேர் தரையிலை நிக்காட்டி தொடங்கவே விடாங்கள்."

"அஞ்சாவது ஆள் பட்டியலிலை இருக்கு" என்றான் தம்பி.

"ஆர்?"

"நான்."

டாமிர் சிரித்ததில் தேத்தண்ணி அவன் மூக்கால் வந்தது. தம்பி சிரிக்கவில்லை. அவன் மூக்கைத் துடைத்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிரிச்சு முடிஞ்சுதோ? கேள். நான் ஒருக்கா ஓடினனான். நீங்களும் ஓடினனீங்கள். உயிருக்கு ஓடினது, அதுக்கு நான் வெக்கப்படேல்லை. இதிலை எங்களை ஒருத்தரும் துரத்தேல்லை. துரத்தாமல் என்னாலை ஓட ஏலாது. தோப்பம். தோத்து முடிச்சிட்டுப் போவம்."

"உனக்கு முழங்காலுக்கு எண்ணெய் பூசுறது நானெல்லோ!" என்றேன் நான்.

"முழங்கால் என்ரை, அக்கா."

மேலே போய் சூட்கேசைக் கொண்டுவந்து என் மேசையில் திறந்தான். திட்டு விழுந்த பன்னிரண்டு ஜேர்சியும் மடித்தபடி இருந்தன. டாமிர் பத்தாம் இலக்கத்தை எடுத்து விரித்துப் பார்த்தான். அவன் முதல் போட்ட ஜேர்சி அது. பிறகு போனை எடுத்து மற்ற மூன்று பேருக்கும் அடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனோம். மண்டபத் திறப்பு தம்பியின் சாவிக்கொத்தில் இருந்தது, அதை ஒருவரும் கேட்டு வாங்கவில்லை. விடியவே போய்த் தரை துடைத்து வைத்திருந்தான். இரண்டு மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற கத்தினோ நகரத்திலிருந்து எதிரணி வந்தது, பன்னிரண்டு பேர், எல்லாரும் மரம் மாதிரி. பார்க்க வந்தவர்கள் நாற்பது பேர். அதில் ஒருவன் நகுலேஸ்வரன், தம்பியைப் பார்த்துச் சிரிக்கப் பம்பலுக்கு வந்திருந்தான். நடுவர் செலீன் என்ற பெண். அவர் தம்பியைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், திரும்பவும் தம்பியைப் பார்த்தார். பிறகு அவனுடைய நீளக் காற்சட்டையைக் காட்டி, அதோடு விளையாட விட முடியாது என்றார். டாமிரின் பழைய கட்டைக் காற்சட்டையைப் போட்டு வந்தான். அது அவனுக்கு முழங்காலுக்குக் கீழே நின்றது. அப்படியும் அவன் நடக்க நடக்க முழங்கால் தெரிந்தது. நாற்பது வருடத்துக்குப் பிறகு நான் கண்டேன்.

"செபமாலை, காலுக்கும் நீலம் போட்டிருக்கலாமே!" என்று நகுலேஸ்வரன் கத்தினான். சனம் சிரித்தது. நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

விளையாட்டு நான்கு பகுதி. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, இலக்கம் தெரியும். முதல் பகுதி முடிய முப்பத்தொன்றுக்குப் பதினாறு, நாங்கள் பின்னுக்கு. தம்பி ஒரு மூலையில் கையை உயர்த்திக்கொண்டு நின்றான். அவனிடம் பந்து இரண்டு தடவை வந்தது, இரண்டையும் சூட்டுச் சட்டியைப் பிடித்த மாதிரி உடனே டாமிரிடம் எறிந்தான். ஒருவன் ஐந்து தடவை பிழை விட்டால் வெளியே போக வேண்டும். மாற்றி ஏற எங்களிடம் ஆள் இல்லை. களைத்தவன்தான் பிழை விடுவான். மூன்றாம் பகுதியில் ஒருவன் போனான், நாலாம் பகுதியில் இன்னொருவன். மூன்று பேர் மிச்சம். முடிய மூன்று நிமிடம் இருக்க டாமிரும் போனான். ஓரமாகக் கிடந்த வாங்கில் உட்கார்ந்து, துவாயால் முகத்தை மூடிக்கொண்டான்.

இப்போது தரையில் இரண்டு பேர்: மத்தியூ என்ற பெடியன், என் தம்பி. மத்தியூவுக்கு ஏற்கனவே நாலு பிழை. இருவரில் ஒருவர் வெளியே போனாலும் ஆட்டம் அதோடு முடிந்துவிடும், முடிக்காத ஆட்டமாக.

அந்த நேரம் பார்த்துத் தம்பியின் கால் வழுக்கியது. அவன் காலையில் தானே துடைத்த தரை. விழுந்த சத்தம் மேல்படியில் இருந்த எனக்குக் கேட்டது. செலீன் விசில் ஊதி, அவன் பக்கத்தில் குந்தி, வெளியே போய் இருக்கும்படி கையைக் காட்டினார். நான் தண்ணீர்ப் போத்தலோடு படியிறங்கிவிட்டேன்.

"அக்கா, கிட்ட வராதை!"

அவன் என்னிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கோட்டுக்கு வெளியே நின்றேன். அவன் ஒரு கையைத் தரையில் ஊன்றினான், மற்றக் கையால் முழங்காலைப் பிடித்தான். "நோன், மடாம்" என்றான் செலீனிடம். பிறகு எழும்பினான்.

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. "நில்லடா செபமாலை! விட்டுடாதை, நில்லடா!" நகுலேஸ்வரன்தான், எழும்பி நின்று கத்தினான். நான் அவனைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரணி அவர்களுடைய விளையாட்டை விளையாடியது, புள்ளி எடுத்தது. அதில் பிழையில்லை, இரக்கப்பட்டு விட்டிருந்தால் தம்பிக்குத்தான் அவமானம். மத்தியூ ஒருவரையும் தொடாமல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடினான். தம்பி ஓடவில்லை. கூடைக்குக் கீழே கையை உயர்த்தி நின்றான். அவன் தலைக்கு மேலால் பந்து போய்ப் போய் விழுந்தது. நாற்பது விநாடி, இருபது, பத்து. சங்கு ஊதியது. நூற்றுப் பதினெட்டுக்கு அறுபத்து நான்கு.

செலீன் தாளில் கையெழுத்து வைத்து, டாமிரிடமும் கையெழுத்து வாங்கி, பிறகு தம்பிக்குக் காட்டினார். பதின்மூன்றாம் இலக்கம், செபமாலை, புள்ளி பூச்சியம். ஆட்டம் முடிந்தது என்று கீழே எழுதியிருந்ததாம். தம்பி விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தான்.

வீட்டுக்கு வந்து, காலை நீட்டிக்கொண்டு இருக்காமல், ஐந்து ஜேர்சியையும் வாளியில் போட்டான்.

"இனி ஆர் போடப்போகினம் எண்டு தோய்க்கிறாய்?" என்று கேட்டேன்.

"போட்டு விளையாடின உடுப்பு, அக்கா. ஊத்தையோட வைக்கிறதோ?"

நீலம் கரைத்து, பிழிந்து, என் பல்கனிக் கொடியில் ஐந்தையும் வரிசையாகத் தெருப்பக்கம் பார்க்கத் தொங்கவிட்டான். அடுத்த நாள் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது, நான்தான் எண்ணெய் பூசினேன், ஏசி ஏசிப் பூசினேன். தெருவில் போகிற குரோஷியக் கிழவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

ஆறாம் நாள் கட்டிடம் பார்க்கும் செபஸ்தியாம்பிள்ளை கதவைத் தட்டினார். பாவம், அவரை ஆபீசிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

"அக்கா, ஆறு நாளாத் தொங்குது. காஞ்சிட்டுதுதானே? எடுங்கோவன்."

"இன்னும் காயேல்லை."

அவர் எட்டிப் போய் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். அது அப்பளம் மாதிரிக் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்தார்.

"ஆபீசிலை நான் என்னெண்டு சொல்லுறது?"

"ஈரமெண்டு சொல்லும், தம்பி."

அவர் ஜேர்சிப் பக்கம் திரும்பினார். பிறகு, காற்றில் ஒரு பக்கம் விலகியிருந்த பதின்மூன்றாம் இலக்கத்தை நேராக இழுத்துவிட்டு, கிளிப்பை இறுக்கிவிட்டுப் போனார்.