மரைக்காரின் தோணிக்கு இலக்கம் வெட்டினேன்

தோணிக்குப் பெயர் வைப்பது சொந்தக்காரர் வேலை, அதைச் சட்டப்படி வெட்டுவது என் வேலை, வெட்டியதை அழிப்பது கடற்கரையில் மற்ற எல்லோருடைய வேலை. வெள்ளைக்காரன் காலத்தில் கற்பிட்டிச் சுங்கக் கந்தோரில் உளியோடு திரிந்தவன் நான். மேலிடத்துச் சட்டத்துக்கும் ஊர்ச் சனத்துக்கும் நடுவில் அகப்பட்டு முழித்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

அந்த வருசம் காசிம் மரைக்கார் தென்னந்தோட்டத்தை விற்றுத் தன் முதல் தோணியைக் கட்டினார். தூத்துக்குடிக்குப் போகக் கொப்பரா காத்துக் கிடந்தது. அடையாளங்களைப் பார்த்து ஒப்பமிட, கொழும்பிலிருந்து துரை ஒரேயொரு நாள் வருவார். அன்று தவறினால் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிவிடும், தோணி அந்தப் பருவம் முழுக்க மணலில் கிடக்கும். எனக்கே கை பரபரத்தது.

ஊர்ப் பெயர்

தோணியின் பின்புறத்தில் பதிவுத் துறைமுகத்தின் பெயர் இருக்கவேண்டும். பதிவு கொழும்பில். நான் முதல் எழுத்தைத் தொட்டதும் மரைக்கார் ஓடிவந்து உளியைப் பிடித்துக்கொண்டார்.

"பெத்து வளத்தது நாங்க, பேர் மட்டும் கொழும்புக்கா தம்பி?"

அடிக் கணக்கு

தோணி எவ்வளவு தாழ்ந்து மிதக்கிறது என்று தெரிய, முன்மரத்திலும் பின்மரத்திலும் அடி இலக்கங்கள் கீழிருந்து மேலே போகவேண்டும். நான் மேலே ஏற ஏற மரைக்காரின் முகம் வாடியது.

"அவ்வளவு உசரத்துக்கு வெட்டாதீங்க தம்பி. அவ்வளவுக்கும் தாழலாமெண்டு நீங்களே கடலுக்கு எழுதிக் குடுக்கிறீங்க."

காணாமற்போன இலக்கம்

பதிவிலக்கத்தை நடு விட்டத்தில் ஆழமாக வெட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். துரை வரும் காலையில் போய்ப் பார்க்கிறேன், விட்டம் மொழுமொழுவென்று இருக்கிறது. பலகை இடுக்குகளைப் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைக்கும் மாம்புரி ஊர்க்காரர் அந்தோனி, விடியுமுன்னே வந்து என் இலக்கத்தையும் அடைத்து எண்ணெய் பூசியிருந்தார். நான் உளியைத் தேடி ஓடினேன். அந்தோனியோ நல்ல காரியம் செய்த முகத்தோடு நின்றார்.

துரையின் வண்டி வந்துவிட்டது. மரைக்கார் அவரை வீட்டுக்கு இழுத்துப்போய் வட்டிலாப்ப இனிப்புக்கு முன்னால் உட்காரவைத்தார். அந்தோனி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வியர்வை சொட்டச் சொட்டச் சுரண்டினோம். துரை வந்து குனிந்தபோது பஞ்சு போயிருந்தது, கறுத்த குங்கிலியக் கறை மட்டும் போகாமல் இலக்கம் மை தீட்டியதுபோல் நின்றது. அவர் வெட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இவ்வளவு தெளிவான இலக்கத்தைத் தான் எங்கும் கண்டதில்லை என்று சொல்லி ஒப்பமிட்டார். எனக்குக் கூத்தாடலாம் போலிருந்தது. அந்தோனிக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"நான் அடைச்சாக் குத்தம், நீங்க தோணியில ஓட்டை போட்டா அது சட்டமோ ஐயா?"

பாய் விரிந்தது

பதிவுப் பத்திரம் வந்த மறுநாளே தோணி இறங்கியது. கச்சான் இன்னும் எழும்பவில்லை. கரையே ஆர்ப்பரித்தது. பாய் காற்றை வாங்கி, கொழும்பு என்று வெட்டிய பின்புறம் எங்கள் பக்கம் திரும்பியபோது மரைக்கார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னத்தையும் எழுதிக்கொள்ளட்டும் தம்பி, திரும்பி வாறது இந்தக் கரைக்குத்தானே."

ஊரிலுள்ள தோணிகளுக்கெல்லாம் அடையாளம் வெட்டிக் கொடுத்த எனக்குக் கற்பிட்டியில் கடைசிவரை இருந்த அடையாளம், 'ஓட்டை போடுற ஐயா' என்பதுதான்.