எட்டுச் செடிலும் என் கணக்கும்

நான் நெடுங்கேணியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிப்பவன். கடவுள் விஷயத்தில் என் வாய் கொஞ்சம் நீளம். அந்த நான்தான் 2003இல் எங்கள் அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலன்று முதுகில் கொழுக்கியோடு தொங்கினேன்.

மாட்டிவிட்டது என் மனைவி கௌசலா. மலேரியா மூளைக்கு ஏறி எங்கள் மகள் அருந்ததி மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தபோது, "பிள்ளை பிழைச்சால் இவர் தூக்குக்காவடி எடுப்பார்" என்று அம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. பிள்ளை பிழைத்தாள். நேர்த்தியை இடையில் முறித்தால் கொடுத்த உயிரை அம்மன் திருப்பிக் கேட்பாள் என்பது கௌசலாவின் பயம். வாதாடிப் பார்த்தேன். இரண்டு நாள் எனக்குச் சோறு கிடைத்தது, கதைபேச்சுக் கிடைக்கவில்லை.

சரியென்று கணக்குப் பார்த்தேன். என் நிறை அறுபத்திரண்டு கிலோ. முதுகிலும் காலிலும் தோலில் குத்துகிற கொழுக்கிகள், செடில், மொத்தம் எட்டு. ஒரு கொழுக்கிக்கு எட்டுக் கிலோகூட வராது. தோல் தாங்கும். கொப்பியில் கீறிக் காட்டினேன், அவள் பார்க்கவில்லை.

உழவு இயந்திரத்தில் பூட்டிய துலாவில் என்னைக் குப்புறத் தொங்கவிட்டார்கள். ஓட்டியவன் தில்லைநாதன், என்னிடம் படித்துப் பௌதிகத்தில் தவறியவன். தார் ரோட்டில் கணக்குச் சரியாகவே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நாலு பேருக்குத் திருநீறுகூடப் பூசினேன். தார் முடிந்து, கிறவல் மண் போட்ட ஒழுங்கையில் திரும்பியதும் முதல் பள்ளம். வண்டி விழுந்தது, கூடவே நானும். அந்தக் கணம் வலியே இல்லை. அம்மன் இரங்கிவிட்டாள் என்று, வெட்கக்கேடு, நானே நினைத்தேன். அடுத்த கணம் துலா என்னை மேலே இழுத்தது.

வெளிநாட்டில் இறப்பர்க் கயிற்றைக் காலில் கட்டிப் பாலத்திலிருந்து குதிப்பார்களே, பஞ்சி ஜம்ப், அதைத்தான் பதினொரு வருடமாகக் கரும்பலகையில் கீறுகிறேன். விழும்போது நிறை தெரியாது. அடியில் போனதும் கயிறு அந்த நிறையைப் போல் இரண்டு மூன்று மடங்காக இழுக்கும். அவர்களுக்காவது கயிறு நீண்டு கொடுக்கும். எனக்கு நீண்டது தோல். என் கணக்கில் நான் ரோட்டைச் சேர்க்கவேயில்லை.

மூன்றாவது பள்ளத்தில் "இறக்கடா" என்று கத்தினேன். தில்லைநாதன் நிறுத்தினான். மேளமும் நின்றது.

கௌசலா எனக்குக் கீழே வந்து நின்றாள். முகத்தில் கோபமில்லை, வெளிறிப்போயிருந்தது.

"காணுமப்பா, இறங்குங்கோ. மிச்சத்தை நான் அடியழிச்சு வாறன்."

சொன்னவள் சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு கிறவலில் விழுந்து கும்பிட்டாள். எழும்பி ஓரடி வைத்து மறுபடி விழுந்தாள். கோயிலுக்கு இன்னும் அரை மைல் இருந்தது. காய்ச்சலில் கொட்டிய முடி இன்னும் சரியாக முளைக்காத அருந்ததி, தாயைப் பார்த்துத் தானும் அந்தப் புழுதியில் குப்புறப் படுத்தாள். நான் மேலே தொங்கியபடியே சத்தம் போட்டேன்.

"பிள்ளையைத் தூக்கும் கௌசலா. நீரும் எழும்பும். தில்லைநாதா, வண்டியை எடு."

"ரோட்டிலை இன்னும் பள்ளம் கிடங்கு கிடக்கு சேர்."

"தெரியும். எடு."

கோயில் வாசல்வரை என் மாணவர்கள் பார்க்கப் பார்க்க வாய்விட்டுக் கத்தினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் நான் கத்த, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்குக் கீழே நடந்தவளும் சேர்ந்து கத்தினாள்.