மாமாவின் கசாயமும் நீல மருந்தும்

என் மாமா வைத்தியர் இல்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் அளந்து கொடுத்தவர். போர்க்காலத் தடையால் யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய் வருவது நின்றதும் அளக்க ஒன்றுமில்லாமல் போனது. சும்மா இருக்கத் தெரியாத மனிதர், எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை, நாங்கள் குளிசை என்போம், நாளும் விழுங்குவார். காலையில் அவருடைய மூத்திரத்தைச் சோதிப்பது என் வேலை. எனக்குப் பத்து வயது. சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சில துளி மூத்திரம் விட்டு, உடுப்புக் காயவிடும் கிளிப்பால் குழாயைப் பிடித்து அடுப்பு நெருப்பில் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறினால் கவனம். செங்கல் நிறம் வந்தால் சீனி கூடிவிட்டது. அம்மாவுக்குக் கண் மங்கல். நிறத்தை நான்தான் சொல்ல வேண்டும். அந்த அதிகாரத்தில் எனக்குப் பெரிய திமிர் இருந்தது.

மாமா சிறுகுறிஞ்சா இலை, நாவல் கொட்டை, ஆவாரம்பூ எல்லாவற்றையும் போட்டுக் காய்ச்சினார். வீடே நாறியது. வந்தவர்களுக்கெல்லாம் சிறுகுறிஞ்சா இலையைச் சப்பக் கொடுத்து, பிறகு நாக்கில் சீனி வைப்பார். சீனி மண் போல இருக்கும்.

“நாக்கிலை இருக்கிற சீனியையே சாக்காட்டுது. ரத்தத்திலை இருக்கிறதை விடுமோ? குளிசையை நிப்பாட்டு தங்கச்சி.”

அம்மா தமையனுக்கு மறுபேச்சுப் பேசாதவர். குளிசையை நிறுத்தினார். ஒரு கிழமை, ஏழு நாளும், கசாயம் குடித்தார். அந்தக் கிழமை முழுக்கக் குழாயில் செங்கல் நிறம். கால் பெருவிரலில் இருந்த சின்னப் புண் கறுக்கத் தொடங்கியது.

“மாமா, இண்டைக்கும் செங்கல்.”

“அது நல்லது பிள்ளை. உள்ளுக்குக் கிடந்த சீனியெல்லாம் வெளியிலை போகுது.”

எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றும் மறக்கவில்லை. நீலம் வந்தால் கசாயம் வென்றது, செங்கல் வந்தாலும் கசாயம் வென்றது என்றால் நான் எதற்கு அடுப்படியில் புகை குடிக்கிறேன்?

ஞாயிற்றுக்கிழமை மாமா அயல்சனத்தை முற்றத்துக்குக் கூப்பிட்டார். என் குழாயை என்னைக் கேட்காமலே எடுத்தார். கடைச்சீனியைத் தண்ணீரில் கரைத்தார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“ஐயோ அண்ணை, அதைத் தந்தியளெண்டால் நாங்கள் தேத்தண்ணி குடிப்பம்.”

சீனித்தண்ணீரில் கசாயத்தைக் கலந்து, நீல மருந்தில் விட்டுக் கொதிக்கவைத்தார். நீலம் மாறவே இல்லை.

“பாத்தியளோ, சீனியைத் திண்டிட்டுது” என்றார். சனம் வாயைப் பிளந்தது. இரண்டு பேர் தங்கள் வீட்டுக்கும் ஒரு போத்தல் வேண்டும் என்றார்கள்.

நான் என்னிடமிருந்த இன்னொரு குழாயுடன் முன்னே போனேன். “கசாயம் விடாமலும் ஒருக்கால் பாப்பம்.”

“பார், பார். செங்கல் வரும். எல்லாரும் பாக்கட்டும்” என்று மாமாவே நெருப்பை ஊதிவிட்டார்.

வெறும் சீனித்தண்ணீர். கொதித்தது. நீலம். இன்னும் கொதிக்கவிட்டேன். அப்போதும் நீலம்தான்.

மூத்திரத்தில் வரும் சீனி வேறு, கடைச்சீனி வேறு, கடைச்சீனியை அந்த மருந்து காட்டிக்கொடுக்காது என்பதை ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கசாயம் எதையும் தின்னவில்லை. விடவில்லை நான். அம்மாவின் காலை மூத்திரம் மிச்சம் இருந்தது. அதில் கசாயத்தைக் கலந்து, எல்லார் கண்முன்னாலும் காய்ச்சினேன். சுத்தமான செங்கல் நிறம்.

“என்ன அண்ணை, உங்கடை கசாயத்துக்கு இண்டைக்குப் பசியில்லையோ?” என்றார் அந்த அக்கா. முற்றமே சிரித்தது. 

அந்த இலைகள் உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்பதைக் குழாய் சொல்லாது. அது எனக்கு இப்போது தெரியும். ஆனால் அம்மாவின் ஒரு கிழமைச் செங்கல் போதிய அளவு சொல்லியிருந்தது.

மாமா சிரிக்கவில்லை. குளிசைப் போத்தலை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். “இது முடிஞ்சால் என்ன செய்யிறது பிள்ளை?”

“முடிஞ்சால் வாங்கிறது.”

பெரியவர்களின் சிரிப்பு ஏன் நின்றது என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா உள்ளே போய்க் குளிசை விழுங்கினார். எனக்கு அது போதும்.

மறுநாள் மாமாவைக் காணவில்லை. வெட்கத்தில் ஓடிவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். வீட்டிலும் சொன்னேன். அம்மா, “வாயை மூடு” என்றார். அவர் என்னை அப்படி அதட்டியதே இல்லை. தமையன்மேல் பாசம், வேறென்ன என்று விட்டுவிட்டேன்.

குளிசைப் போத்தல் வெறுமையான பிறகு ஒரு காலை மாமா வந்தார். முகம் கறுத்து, சட்டையில் உப்புப் பூத்திருந்தது. மடியை அவிழ்த்துப் பொலித்தீனில் சுற்றிய பொட்டலத்தை என் முன்னே போட்டார். முழுக்கக் குளிசை.

“இந்தா, இதையும் சோதிச்சுப் பார். செங்கல் வந்தால் சொல்லு, திருப்பிக் குடுத்திட்டு வாறன்.”

அம்மா அந்தக் குளிசையை விழுங்க, நான் காலை மூத்திரத்தைச் சோதித்தேன். நாட்கள் போக மஞ்சள் வந்தது, பிறகு பச்சை, கடைசியில் தெளிந்த நீலம். புண் ஆறியது. அம்மா இன்றும் இரண்டு காலாலும் நடந்து திரிகிறார். மாமாவை எனக்கு இப்போதும் பிடிக்காது. அவருடைய வாய் அப்படி. பிடிக்காது என்பதற்காக நடந்ததை மாற்றி எழுத முடியாது.

நீலம் வந்த அன்று, வென்றது நான்தான் என்று எங்கள் தெரு ஒழுங்கை முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். கடற்படை சுடும் கிளாலிக் கடலை இருட்டில் வள்ளத்தில் கடந்து, தடைசெய்த மருந்தை மடியில் கட்டிக்கொண்டு, திரும்பவும் அதே கடலால் ஒரு மனிதர் வந்திருக்கிறார் என்பது அன்று எனக்குத் தெரியாது. மாமா வாசல் படலையடியில் நின்று நான் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறாமையில் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.