மாறிப்போன படை

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்கு இறங்கி நடந்துகொண்டிருந்தேன். பையில் விரலளவுச் சிப்பாய்ப் பொம்மைகள். இறந்துபோன என் கூட்டாளி வர்ணம் தீட்டிய வெள்ளைக்காரப் படை. என்னுடையது கண்டி ராஜா படை. ஞாயிறுதோறும் மேசையில் இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பழைய யுத்தங்களை நடத்துவோம். "ஒன் ராஜா மறுபடி காட்டுக்குள்ள ஓடுறாருடா" என்று சிரிப்பான்.

இறந்தவருக்குப் பிரியமானதைச் சவப்பெட்டியில் வைப்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வழக்கம். அவன் மனைவி தெரியாமல் என் படையை வைத்துவிட்டாள்.

"அவரோடத அவருகிட்டயே வச்சிட்டேண்ணே. இது ஒங்களோடது, கொண்டுபோங்க" என்றாள்.

அவளுக்கு அந்த நிம்மதியாவது இருக்கட்டும். "சரிம்மா" என்று வாங்கிக்கொண்டேன். எனக்குச் சிப்பாய்கள் வேண்டியிருக்கவில்லை. எதிரே உட்கார அவன்தான் வேண்டியிருந்தது.

மறுநாள் காலை பதுளையில் மரக்கறி லொறியொன்றில் கிளீனராகச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் லொறியோடு போக வேண்டும் என்றார் முதலாளி. சரி என்றேன்.